கை மாறும்போது

தங்கையின் மகன் பல்கலைக்கழக அணியில், கையால் எறிந்தாடும் ஃபுட்போல் ஆடுகிறான். நேற்று, முன்னால் குனிந்து நின்ற நண்பன் தன் கால்களுக்கிடையால் பின்னுக்குக் கொடுத்த பந்து அவன் கையில் நிற்காமல் புல்லில் விழுந்தது. எதிரணி அதை எடுத்துவிட்டது. ஆட்டமும் போனது.

பார்வையாளர் வரிசையில் எனக்கும் தங்கைக்கும் நடுவில் இருந்த எங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ஏழு வயதில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோ நகரில் அப்பா வேலை முடிந்து இறங்கும் பஸ்ஸிலேயே அம்மா வேலைக்கு ஏறுவார். கைக்குழந்தையான தங்கை அந்தப் பஸ் வாசலில்தான் கை மாறுவாள். ஒரு பனிக்காலம், தடித்த கையுறையோடு அப்பா பிடிப்பதற்குள் அம்மா விட்டுவிட்டார். தங்கை பனிக்குவியலில் விழுந்து வீரிட்டாள்.

அப்பா தூக்கித் தடவிப் பார்த்தார். "ஒண்டுமில்லை. நீர் பஸ்ஸில ஏறும், வேலைக்குப் பிந்துது."

அம்மா ஏறவில்லை. பஸ் போய்விட்டது. தங்கையைச் சுற்றிய போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, வீடு வரைக்கும் இருவரும் நடந்தார்கள். நான் பின்னால் போனேன்.

நேற்று எல்லோரும் போன பிறகும், அவனும் அந்த நண்பனும் மைதானத்தில் பந்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். மகனைக் கூப்பிடத் தங்கை எழுந்தாள்.

"இரு பிள்ளை," என்றார் அம்மா. "அவை ரெண்டு பேரும் முடிச்சிட்டு வரட்டும்."