கறுப்பு அங்கியின் உட்புறம்

போன மாரிகாலம், கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இது நடந்தது. இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படும்போது, ஆள் வரவில்லை, காலை வேலைக்கும் நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். முழங்கால் இரண்டும் கடுத்தன.

எங்கள் மாடியில் ஒரு ஜப்பானிய முதியவர் இருந்தார். பாரிசவாதத்தால் இடது கை மடங்கி இறுகிப்போனவர். அன்று அவருடைய மனைவியின் இறுதிச்சடங்கு. மகன் ஒரு கறுப்புப் பட்டு அங்கி கொண்டுவந்திருந்தார். அவர்களுடைய ஆண்கள் கிமோனோவுக்கு மேல் விசேஷங்களுக்குப் போடுவதாம். சட்டைக்கு மேலென்றாலும் அதைத்தான் போட வேண்டும் என்று தகப்பனுக்குப் பிடிவாதம்.

சக்கர நாற்காலியில் இருத்தியபடியே போட்டுப் பார்த்தோம். தோளைத் தொட்டாலே முனகினார்.

“அக்கா, முதுகுப் பக்கம் வெட்டி விடுவம். சாய்ஞ்சுதானே இருக்கப்போறார், ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாள் கூட வேலை செய்யும் பெண். கையை நீட்டி மடக்க முடியாதவர்களின் சட்டைகளை நாங்கள் அப்படி வெட்டுவதுண்டு. வாசலில் வாகனம் காத்து நின்றது. மகனைப் பார்த்தேன். அவரும் களைத்துப்போய்த் தலையாட்டினார்.

எங்கே வெட்டுவது என்று பார்க்க அங்கியைக் கட்டிலில் போட்டு உட்புறத்தைப் புரட்டினேன். முதுகு அகலத்துக்கு ஒரு ஓவியம். சாம்பல் நிறப் பட்டில் மழை பெய்கிறது. நாணலுக்குள் இரண்டு கொக்குகள் ஒட்டி நிற்கின்றன. வெளியே ஒரு பூக்கூட இல்லாத கறுப்பு.

மகன் அதை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறாராம். முதியவர் குழறிக் குழறி ஆங்கிலத்தில் சொன்னார்: கலியாணத்தன்று போட்டது, உள்ளே இருப்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று.

“வெட்டேலாது பிள்ளை. கட்டிலிலை கிடத்திப் போடுவம்” என்றேன்.

“நேரம் போகுது அக்கா. உங்களாலை நிக்கவே ஏலாமக் கிடக்கு.”

“ஓம், ஏலாமத்தான் கிடக்கு. நீ தோளைப் பிடி.”

ஒரு பக்கம் சரித்து, மறுபக்கம் சரித்து, மெல்ல மெல்லப் போட்டோம். மடங்கிய கையை மகன் தன் உள்ளங்கைகளில் ஏந்தியபடி நின்றார். வாகனக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார், நாங்கள் அவசரப்படவில்லை. நாற்காலியில் இருத்தியதும் முதியவர் அங்கியின் ஓரத்தை விரல்களால் தடவிக்கொண்டார். பிறகு மகன் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

என் களைப்பு இன்றுவரை குறையவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, செய்யும் வேலை வீண்போகவில்லை என்று நெடுநாளைக்குப் பிறகு தோன்றியது, அந்த நினைப்பில்தான் இன்னும் வேலைக்கு எழும்பிப் போகிறேன்.