இனிஷியலோடு முழுப்பெயர்

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் நூல் மில் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனி அறை, அறைக்கு ஏசி, உள்ளே போகச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஒரு விதி. பதினைந்து வருஷம் வேர்த்து வழிந்து ஃபைல் தூக்கிய எனக்கு யாரும் ஏசி போடவில்லை. அந்தப் பெட்டிக்கு வந்த அன்றே போட்டார்கள். ஏசியை உத்தேசித்து நான் அதனுடன் சிநேகம் பிடித்தேன்.

புதுச் சாமான் ஆசை எனக்கு முன்பே உண்டு. கால்குலேட்டர் வைத்த கைக்கடிகாரம் கட்டியிருந்தேன். என் விரலுக்கு அதன் பொத்தான்கள் சிறிது, தீக்குச்சியால் அழுத்துவேன். வீட்டுக்கும் டிவியில் செருகும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். டேப்ரிக்கார்டர் கேசட்டிலிருந்து அது புரோகிராமைப் படித்து முடிப்பதற்குள் சினிமாப் பாட்டு நேரம் வந்துவிடும். என் மனைவி ஒயரைப் பிடுங்கிவிடுவாள். அத்தனை சந்தோஷத்தையும் எப்படித் தாங்கினேன் என்று இப்போது நினைத்தால் அசதியாக இருக்கிறது.

அந்த வருஷம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடியது. தங்கை வாழ்க்கைப்பட்டது திருச்செங்கோட்டுப் பக்கம். யார் யாரை அழைப்பது என்று அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் அதை வாங்கி, ஊர்வாரியாக அடித்துத் தருவதாகச் சொன்னேன். புரட்டினால் மேட்டுத்தோட்டத்து மாமா, வேப்பமரத்தோட்டத்து மாமா, கெணத்துக்காட்டுப் பெரியவர் என்று போகிறது.

"அம்மிணி, இதெல்லாம் ஒரு பேரா? மெசின் இனிஷியலோட முழுப்பேர் கேக்குது."

"ரெண்டு மாமாவும் எனக்கு மாமனார் மொறைங்கண்ணா. அவிய பேரை நான் எப்படிச் சொல்றதுங்க?"

"ஜாடையாச் சொல்லு."

"கோவணத்தோட மலை மேல நிக்கிற சாமி பேருங்க வேப்பமரத்தோட்டத்தாருக்கு."

"மேட்டுத்தோட்டத்தாருக்கு?"

"அவியளுக்கும் அதேதானுங்க. அண்ணன் மகனும் தம்பி மகனும். ரெண்டு பேருக்கும் பாட்டன் பேரு."

அவர்கள் அப்பன்மார் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் இனிஷியலும் ஒன்று. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, இன்னும் முந்நூறு பெயர் பாக்கி இருந்தது.

நோட்டைத் திருப்பித் தரும்போது தங்கை ஒன்று சொன்னாள். வேப்பமரத்தோட்டத்தார் அவள் மாமனாரின் தம்பி. வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன மாசம் ஓர் இழவு வீட்டில், "எப்ப அம்மிணி கல்யாணம்?" என்று அவராகவே கேட்டாராம். "எந்த ஊட்டை உட்டாலும் அந்த ஊட்டை உட்டுறாதீங்கண்ணா. அவிய வந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்."

அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருந்தது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் ஒன்றைத் தானே நீக்கிவிடும். எனக்கு அதில் தனிப் பெருமை. பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒத்துப்போனதாகப் பதினொரு பெயர்களை அது நீக்கியது. "நோட்டுல இத்தனை தப்பு வெச்சிருக்கறயே" என்று தங்கையைக் கேலிகூடச் செய்தேன்.

வடக்கே லோடு ஏற்றிப்போன அவள் புருஷனின் லாரி வழியில் நின்றுவிட்டது. அவளுக்கோ காலில் சுளுக்கு. கல்யாணத்துக்கு ஐந்து நாள். தாய்மாமன் நானிருக்கிறேன் என்று மனைவியையும் வெற்றிலை பாக்குத் தட்டையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கையில் கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதம்.

மாமாக்கள் ஊர் டீக்கடையில் காகிதத்திலிருந்த பெயரைச் சொல்லி விசாரித்தேன்.

"எந்தத் தோட்டத்தாருங்க?" என்றார் கடைக்காரர்.

"இனிஷியலே போட்டிருக்குது பாருங்க" என்று காகிதத்தை நீட்டினேன்.

இங்கிலீஷ் எழுத்தை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "அப்பச் சரிங்க. அதா, அந்த ஓட்டு ஊடு" என்றார்.

ஓட்டு வீட்டில் நல்ல உபசாரம். வீட்டுக்காரர் மோர் கொடுத்து, கரும்பு விலையிலிருந்து கவர்மெண்டு வரை பேசினார். திரும்பி வரும்போது எதிர்வீட்டு வாசலில் கட்டிலில் இருந்த ஒருவர் எங்களைப் பார்த்து எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவருக்குப் பின்னால் பெரிய வேப்பமரம். கார் வெயிலில் கொதிக்கிறது என்று மனைவி அவசரப்படுத்தினாள். நான் அந்தப் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தேன்.

"மாமா என்னுங்கண்ணா சொன்னாங்க?" என்றாள் தங்கை, செருப்பைக் கழற்றுவதற்குள்.

"தங்கமான மனுசன். ஒரு மணி நேரம் வாய் ஓயலை."

அவள் முகம் மாறியது. "அவிய அவ்வளவு பேச மாட்டாங்களே. வேப்பமரம் இருந்துச்சுங்களா?"

"எதிர்வீட்டுல இருந்துது."

அவள் நோட்டைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் அவளே என்னோடு நொண்டிக்கொண்டு வந்தாள். வேப்பமரத்தடியில் அவர் அதே கட்டிலில் இருந்தார். நான் காகிதத்தைப் பிரித்து, மெசின் எப்படி இரண்டு பேரை ஒருவராக்கியது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மெசின் கணக்குல நான் இல்லீங்க."

"அப்படி இல்லீங்க, அது வந்து..."

"எட்டு வருசமா உங்க ஊட்டுக் கணக்குலயும் இல்லீங்களே, சாமி. மெசினைச் சொல்லி என்ன பண்றது?" தங்கை நீட்டிய தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மெசின் நீக்கிய மற்ற பத்து வீட்டுக்கும் லாரியோடு திரும்பிய மச்சான் தூக்கமில்லாமல் ஓடினார்.

முகூர்த்தத்துக்கு அவர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மணமக்கள் தலையில் அரிசி போட்டார். பந்தியில் தங்கை அவருக்கென்று முதல் இலையைப் போட்டு, பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் நின்றாள். அவரைக் கூட்டி வர என்னை அனுப்பினாள். நான் வெளியே போய்ப் பார்த்தபோது அவர் ஏறிய டவுன் பஸ் கிளம்பிவிட்டது.

வந்து சொன்னேன். "வந்தாங்கல்ல, விடுங்கண்ணா" என்றாள். பிறகு தண்ணீர் தெளித்து வைத்திருந்த அந்த இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.