டார்ஸ் காட்டு மான்கூட்டமும் என் மீசையும்

ஹம்பேர்க்கை விட்டு வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராத முதல் இலையுதிர்காலம் எங்களுக்கு 1996இல்தான் வாய்த்தது. அகதி வழக்கு முடிந்து விசா கைக்கு வந்திருந்தது. என் மனைவி றெஜினா ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடமாகியும் எங்கள் மாடி வீடு, தமிழ்ப் பூசை நடக்கும் தேவாலயம், ஸ்டேஷனடிச் சாமான் கடைகள் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. வேலையிடத்தில் ஒரு ஜெர்மன்காரர், செப்டெம்பர் கடைசியில் பால்டிக் கரையிலுள்ள டார்ஸ் காட்டுக்குப் போனால் மான்கள் கர்ச்சிப்பதைக் கேட்கலாம் என்றார். மானாவது கர்ச்சிப்பதாவது என்று நினைத்துக்கொண்டேன். சிங்கக் கூட்டத்தைப் பார்க்க ஆபிரிக்காவுக்குப் போகுமளவுக்கு வசதி இல்லாததால் மானைப் பார்க்கக் கிளம்பினோம்.

அது பழைய கிழக்கு ஜெர்மனிப் பக்கம். அங்கே வெளிநாட்டுக்காரருக்கு அடி விழுந்த கதைகள் அந்த நாட்களில் நிறைய. “அங்கால போகாதேங்கோ அண்ணை” என்று பக்கத்து வீட்டுத் தம்பி வாசல்வரை வந்து சொன்னான். லூபெக், றொஸ்ரொக் வழியாக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். இடையில் தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தாமல் கார் ஓட்டினேன். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை, ஆனாலும் பயந்தது உண்மை.

பிறேறோ என்ற சிற்றூரில் அறை எடுத்தோம். அங்கிருந்து மான் பார்க்கும் இடத்துக்கு, கலங்கரை விளக்கத்தடிக்கு, ஐந்து கிலோமீற்றர். கார் விடமாட்டார்கள். வாடகைச் சைக்கிள் ஒன்றுக்குப் பத்து மார்க். மணற்குன்றுகளுக்கு மேலாகப் பலகைப் பாதை போகிறது. நாலைந்து ஜெர்மன்காரர் பைனாகுலரோடு மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். பொழுது சாயும்போது அந்தச் சத்தம் வந்தது. என்னத்தைச் சொல்ல! பட்டி மாடுகள் எல்லாம் ஒரே தொண்டையால் கதறியது போல இருந்தது. றெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

புல்வெளிக்கு அந்தக் கலைமான் வந்தது. முகத்தில் வெள்ளைத் தழும்பு, தலையில் ஒரு மரத்தையே சுமப்பது போன்ற கொம்பு. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்மான்கள். சிங்கக் கூட்டத்தைப் போல இங்கேயும் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆணை இன்னொன்று வந்து துரத்தும். வெளியே காத்துக்கொண்டிருந்த இளம் ஆண் கலைகளின் குரல் காட்டுக்குள் கேட்டது. நான் வாய் பிளந்து கொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாரும் அந்தக் கொம்பனைத்தான் பாக்கினம்,” என்று றெஜினா காதுக்குள் சொன்னாள். “நீங்கள் அந்தக் காது கிழிஞ்சவவைப் பாருங்கோ. அவதான் கூட்டிக்கொண்டு போறா.”

உண்மைதான். கிழிந்த காதுள்ள அந்தப் பெண்மான் நடந்தால் கூட்டம் நடந்தது, நின்றால் நின்றது. திடீரென்று அது தலையை உயர்த்தி எங்கள் பக்கம் மூக்கை நீட்டியது. காற்று எங்கள் முதுகிலிருந்து அதை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரரும் மூக்கை உறிஞ்சி, “இங்கே யாராவது சமைக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல்நாள் றெஜினா மூன்று மாதத்துக்குத் தேவையான மிளகாய்த்தூளை வறுத்திருந்தாள். எங்கள் குளிர் ஜாக்கெட்டுகள் இரண்டும் குசினி வாசலில் தொங்கிக்கொண்டிருந்தன. டார்ஸ் காட்டுக்கு நாங்கள் யாழ்ப்பாணத்துத் தூளையே உடுத்திக்கொண்டு வந்திருக்கிறோம்! கூட்டம் ஒரே பாய்ச்சலில் காட்டுக்குள் போனது. கடைசியில் ஒரு கன்று, பின்னங்கால் ஒன்றை நிலத்தில் ஊன்ற முடியாமல் நொண்டி நொண்டி ஓடியது. கிழிந்த காதுக்காரி திரும்பி வந்து அதை முன்னே விட்டுப் பின்னால் போனது. அதன் கன்றுதான்.

அன்றிரவு றெஜினா சாப்பிடவில்லை. “எங்கட மணத்துக்குத்தானே அந்த நொண்டிக் குஞ்சு ஓடினது. பனிக்கு அது தப்புமே?”

“காட்டு மிருகம். எங்களால என்ன செய்ய ஏலும்?”

“நான் அந்தோனியாருக்கு நேர்ந்திட்டன். வாற வருசம் அது உயிரோட நிண்டால் உங்கட மீசையை எடுக்கிறதெண்டு.”

“என்ரை மீசையோ? என்னை ஒரு வார்த்தை கேட்டனீரோ?”

“என்னட்டை மீசை இல்லையே.”

பதினெட்டு வயதில் வைத்த மீசை. அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. ஹம்பேர்க்கில் எல்பே ஆற்றில் பனிக்கட்டி மிதந்ததைப் பார்க்கும்போதெல்லாம் மீசை தப்பியது என்று ஒரு மனம் சொல்லும். அந்தக் கால் பாவம் என்று மற்ற மனம் சொல்லும். இரண்டாவது மனம்தான் கூடுதலாகச் சொன்னது.

1997, அதே கிழமை, அதே பலகைப் பாதை. ஜாக்கெட்டுகளைத் தோய்த்து, பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோனோம். வெள்ளைத் தழும்புக் கலை நாணல் ஓரத்தில் தனியாக நின்றது. விலா எலும்பு தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் புதிதாக ஒரு கறுத்த கலை கர்ச்சித்தது. கிழவன் ஒருமுறை முன்னுக்கு வந்தது. கொம்பும் கொம்பும் மோதிய சத்தம் கடற்கரைவரை கேட்டிருக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. கிழவன் திரும்பிப் பாராமல் நாணலுக்குள் போனது. போன வருடம் நான் ராஜா என்று பிரமித்தது இதைத்தானா!

றெஜினா சண்டையைப் பார்க்கவேயில்லை. கிழிந்த காதுக்காரி வாய்க்கால் கரைக்கு வந்தது. பக்கத்தில் அந்த வருடத்துப் புதுக் கன்று. நொண்டியைக் காணவில்லை. கூட்டம் முழுவதும் வாய்க்காலைக் கடந்துவிட்டது. தாய்மான் மட்டும் கடக்காமல், வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. பின்னால் புது ராஜா கத்திக் கலைத்தும் அது அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. நெடுநேரம் கழித்துப் பற்றைக்குள்ளிருந்து மூன்று காலில் நடந்து, நாலாவது காலை மெல்ல ஊன்றி, வளர்ந்த பெண்மான் ஒன்று வந்தது. தாய் அதை ஒருதரம் முகர்ந்துவிட்டு வாய்க்காலில் இறங்கியது.

“வந்திட்டுது, இஞ்சருங்கோ, வந்திட்டுது!” றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மீசைக்காக அல்ல. மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது அறை தந்த வீட்டுக்கார அம்மா என்னைப் புது விருந்தாளி என்று நினைத்து வேறு மேசையைக் காட்டினார்.

போக விரும்புகிறவர்களுக்கு: செப்டெம்பர் கடைசி இரண்டு கிழமைகள் நல்லது. விலைகள் நான் சொன்ன மார்க் காலத்தவை, அவற்றை நம்பிப் போகவேண்டாம். பைனாகுலர் கட்டாயம். பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நில்லுங்கள். தூள் வறுத்த கிழமையில் போகாதீர்கள். ஆண் மான்களைப் பார்த்து முடிந்ததும், யார் முன்னால் நடக்கிறது, யார் கடைசியில் வருகிறது என்று பாருங்கள். அங்கேதான் கூட்டத்தின் கதை இருக்கிறது.

றெஜினா ஒவ்வொரு வருடமும் அதே நேர்த்திக்கடனைப் புதுப்பித்தாள். 1999இல் அந்தப் பலகைப் பாதையில் எடுத்த படத்திலும் எனக்கு மீசை இல்லை. படத்தில் எங்களுக்குப் பின்னால், தூரத்தில், நொண்டி நிற்கிறது. அதன் வயிற்றோடு ஒட்டியபடி, நாலு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டு, அதன் கன்று நிற்கிறது.