நீல மூலை

என் அக்கா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவளுடைய அலமாரியை நேற்றுதான் திறந்தேன். துணிகளுக்கு அடியில் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல, கடையில் வாங்கியது. உள்ளே ஒரே ஒரு பிள்ளையின் பெயர், எட்டு நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் கீழே குறியோ எழுத்தோ போடாமல் முழு வார்த்தையாக ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கிறாள். கடைசியில் கையெழுத்து. மற்ற பக்கங்கள் எல்லாம் காலி.

அவள் பத்தொன்பது வருடம் இரண்டாம் வகுப்புக்கு மட்டுமே பாடம் எடுத்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூட்டுக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டில் நானும் அவளும் இருந்தோம். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், “வருஷத்துக்கு முப்பது பிள்ளை பெத்துக்கறேன், ஒண்ணுக்காவது பேரு வைக்கிற செலவு உண்டா?” என்பாள். காலையில் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. ‘உள்ளேன் டீச்சர்’ என்கிற குரலை வைத்தே யாருக்குச் சளி, யார் வீட்டில் சண்டை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவதாகப் பெருமையடிப்பாள். பாதி பொய்தான். ஆனால் மூன்று நாள் தொடர்ந்து ஒரு பிள்ளை வராவிட்டால் அலுவலக எழுத்தர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி அந்தப் பள்ளியில் இருந்தது. அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் அவர் இரண்டாம் நாளே கிளம்பிவிடுவார்.

பிறகு தொடுதிரை மேசைகள் வந்தன. பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில், மேலே முழுவதும் கண்ணாடி. சுற்றி நான்கு பேர் நிற்க வேண்டும். நான்கு மூலைகளுக்கும் ஒவ்வொரு நிறம். அவரவர் மூலையில் உள்ளங்கையை வைத்தால்தான் பாடம் திறக்கும். ஓர் ஆற்றைக் கடக்க ஒரு படகு வரும். நான்கு பேரும் ஆளுக்கொரு விரலால் அதைத் தள்ள வேண்டும். ஒருவர் விரலை எடுத்தாலும் படகு சாய்ந்து, அதிலிருந்த எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்துவிடும். காலையில் கைவைத்ததே வருகைப்பதிவு என்று ஆனது. பழைய பதிவேடுகளைக் கட்டிப் பரண்மேல் போட்டார்கள்.

அக்கா முதலில் முறுக்கிக்கொண்டாள். இரண்டு வாரம் ரகசியமாகத் தனியே ஒரு நோட்டில் வருகை எழுதினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். காரணம், நீல மூலையில் நின்ற பெண்.

அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. வாயைத் திறக்காது. வருடத் தொடக்கத்தில்தான் அம்மாவும் அவளுமாக இந்தப் பக்கம் குடிவந்திருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா சலவைக் கடையில் துணி தேய்த்தாள். வகுப்பில் அந்தப் பெண் இருப்பதே யாருக்கும் தெரியாது. மேசை வந்த பிறகு அவள் கை வைக்காமல் படகு நகராது என்றாகிவிட்டது. கொஞ்சம் தாமதித்தால் மேசைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் உற்சாகமாக, ‘நீலத்துக்காகக் காத்திருக்கிறோம்’ என்று சொல்லும். மற்ற மூன்று பேரும், “ஏய் நீலம், சீக்கிரம் வாடி” என்று இழுத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும். ஈரக் கையைக் கண்ணாடி சரியாக உணராது. அக்கா இடுப்பில் ஒரு கைக்குட்டை செருகிக்கொண்டு போய், காலையில் அவள் கையைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பாள். அப்போது ஒருநாள் அவளிடம் சொன்னதை வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னாள்: “நீ இல்லாம மேசை நகராது பாத்தியா. நீ வரலைன்னா நாங்க தேடிக்கிட்டு வந்துதான் ஆகணும்.” அதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்தாளாம். முதல் சிரிப்பு என்று அக்கா அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு தடவை சொன்னாள்.

மேசைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்த திங்கட்கிழமை, அந்தப் பெண் வரவில்லை. பார்வையாளர்கள் சுற்றி நிற்க, மேசை ‘நீலத்துக்காகக் காத்திருக்கிறோம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. குழுவிலிருந்து ஒருவரை நீக்கலாம். ஆனால் அந்தக் குழு அதுவரை சேர்த்த நட்சத்திரங்கள் எல்லாம் அழிந்துபோகும். தலைமையாசிரியர் அக்காவைக் கண்ணாலேயே அதட்டினார். அப்போது சிவப்பு மூலையில் நின்ற பையன் வலது கையைத் தன் மூலையிலும், எட்டிப் படுத்து இடது கையை நீல மூலையிலும் வைத்தான். மேசை திறந்துகொண்டது. படகு போனது. வந்தவர்கள் கைதட்டி, இதுதான் கூட்டாகக் கற்பது என்று சொன்னார்களாம். தலைமையாசிரியருக்கு முகம் மலர்ந்தது. அக்காவும் சிரித்தாள்.

சாயங்காலம் வருகையைத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறந்துபோனாள். மறுநாள் அந்தப் பையன் கேட்காமலே இரண்டு கையையும் வைத்தான். பிள்ளைகள் அவனுக்கு இரட்டைக்கையன் என்று பேர் வைத்தார்கள். “ரெண்டு கை வைக்கிறியே, ரெண்டு பேர் வீட்டுப்பாடமும் நீயே எழுதுவியாடா?” என்று அக்காவும் சேர்ந்து கேலி செய்தாள். காய்ச்சலாக இருக்கும், நாளைக்கு வந்துவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். மேசையின் கணக்கில் நீலம் எட்டு நாளும் ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளியில் இருந்தது. எழுத்தரின் சைக்கிள் அசையவில்லை. விதிப்படி அவர் அந்த வாரம் வியாழக்கிழமை போயிருப்பார்.

காய்ச்சல் அந்தப் பெண்ணுக்கு இல்லை, அம்மாவுக்கு. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. ‘நாளைக்குச் சரியாயிடும், யாரையும் தொந்தரவு பண்ணாதே’ என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் துணியை நனைத்து நெற்றியில் போட்டிருக்கிறாள். கீழ்க்கடையில் ரொட்டி வாங்கி வந்து ஊட்டிப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் கேட்டதற்கு அம்மா தூங்குறாங்க என்றிருக்கிறாள். சலவைக் கடையில் அந்த அம்மா வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரப் புதன்கிழமை மாலை கூட வேலை பார்த்தவள் ஒருத்தி மேலே ஏறிப்போனபோது உயிர் இல்லை. நுரையீரலில் சளி கட்டியிருந்தது, நான்கு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் தலைமையாசிரியர் மேசையின் வருகைக் கணக்கை அச்செடுத்த தாளைக் கொடுத்தார். எட்டு நாளும் பிள்ளை பள்ளிக்கு வந்திருக்கிறது. பாடத்தில் நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. அதிகாரி அக்கா பக்கம் திரும்பி, வீட்டில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பிள்ளை ஏதாவது சொன்னதா என்று கேட்டார்.

“சொல்லல” என்றாள் அக்கா.

உண்மைதான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் படித்தவள், நான்கு இடம் பார்த்தவள். நான் சொன்னது இது: “விடுக்கா. நீ இப்ப உண்மையைச் சொன்னா அந்தம்மா எழுந்து வரப்போறாங்களா? உன் வேலைதான் போகும்.” நான் சொன்னபடி அக்கா இரண்டு மாதம் இருந்தாள்.

பிள்ளையை அப்பாவின் அக்கா தன் ஊருக்கு அழைத்துப்போயிருந்தாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அந்த அத்தை பள்ளிக்கு வந்தபோது, அக்கா எழுத்தரின் அறையில் சுண்ணக்கட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை எழுத்தரிடம் புலம்பியது அவள் காதில் விழுந்தது.

“தெனம் பள்ளிக்கூடம் வந்து விளையாடிட்டுப் போயிருக்கு. ஒருத்தர்கிட்டயாவது எங்கம்மா கிடக்குறான்னு சொல்ல வாய் வரலையே. கேட்டா, நான் பள்ளிக்கூடமே போகலைங்குது. அடிச்சாலும் அதேதான். இத்தனூண்டு வாயில அவ்வளவு பொய்.”

அக்கா சுண்ணக்கட்டிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அன்றைக்கே நடந்ததை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, “மேசை பொய் சொல்லலையே டீச்சர். அங்க ஒரு கை இருந்துச்சு” என்றாராம். அவள் இன்னொரு பிரதியை அதிகாரிக்கு அனுப்பினாள். மாதம் முடிவதற்குள் அவளைப் பாடநூல் கிடங்குக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் கட்டுக்கட்டாகப் புத்தகம் எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குப் பின் எந்தப் பிள்ளையும் அவளை டீச்சர் என்று கூப்பிடவில்லை.

எழுதிக் கொடுத்த வார ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அத்தை வீட்டுக்குப் போனோம். மூன்று மணி நேரப் பேருந்து. அந்தப் பெண் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே அத்தையிடம் சொன்னாள். “உங்க பிள்ளை பொய் சொல்லலங்க. அந்த எட்டு நாளும் அவ வரல. வந்த மாதிரி காட்டினது என் வகுப்பு. பாத்துக்கிட்டு சும்மா இருந்தது நான்.”

“இதுக்குத்தானா நான் இத இந்த அடி அடிச்சேன்?” என்றாள் அத்தை. அது யாரிடம் கேட்ட கேள்வி என்று தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வாயால சொன்னா ஆச்சா? சொந்தக்காரங்க எல்லாம் இத அம்மாவ முழுங்கினவன்னு பேசுறாங்க. நான் என்னத்தக் காட்டுவேன்? எழுதிக் குடுங்க” என்றாள்.

அக்கா தெருமுனைக் கடைக்குப் போய் இரண்டு பதிவேடு வாங்கி வந்தாள். ஒன்று அத்தைக்கு, ஒன்று தனக்கு. தரையில் உட்கார்ந்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து குந்தி, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அத்தைக்கான பதிவேடு முடிந்து, இரண்டாவதில் ஐந்தாம் நாள் வந்தபோதுதான் பேசினாள்.

“நான் இல்லாம மேசை நகராதுன்னு சொன்னீங்கல்ல டீச்சர். அதான் நீங்க வருவீங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன்.”

அக்கா தலை நிமிரவில்லை.

“நகர்ந்துச்சா டீச்சர்?”

“நகர்ந்துச்சும்மா.”

வகுப்பில் கணக்கு தப்பு என்று காட்டினால் எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படி, “சரி டீச்சர்” என்றாள். எழுந்து போய் மிச்சப் பாத்திரங்களைக் கழுவினாள்.

அலமாரியில் இருந்தது அந்த இரண்டாவது பதிவேடுதான். ஐந்தாம் நாளில் ‘வரவி’ என்ற எழுத்துகளுக்குப் பிறகு பேனா நின்ற இடத்தில் மை பரவி, அடுத்த நான்கு தாளுக்கு ஊறியிருக்கிறது. மை நீலம். அக்கா மிச்ச எழுத்துகளை அதன் மேலேயே எழுதி முடித்திருக்கிறாள்.