ஆனி முடிய ஒரு கெடு

அகராதியில் வேறொரு சொல்லைத் தேடப் போய்க் 'கெடு'வில் விழுந்தேன். குறித்த காலம், தவணை என்று பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கும் 'கடுவு'தான் நம்மிடம் இப்படி வந்திருக்கிறது என்று போட்டிருந்தது. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவளுக்கு இது தெரியாமல் போனதில் பெரிய வெட்கமில்லை. அந்தச் சொல்லை ஒருத்தி என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். அதுதான் உறுத்தியது.

எண்பதுகளில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அவள் புருஷனோடு குடியிருந்தாள். சின்னாளபட்டி நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். குழாயில் என்றைக்காவதுதான் தண்ணீர் வரும். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் அவள் தன் குடங்களை நிரப்பிவிட்டாள். என் முறைக்கு வெறும் காற்றுதான் வந்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

“என் தம்பிக்குக் கல்யாணம் வருது. ஆனி முடியிற வரைக்கும்தான் கெடு. ஆடியில யாரும் வீடு மாற மாட்டாக, அதுக்குள்ள காலி பண்ணிரு.”

அவளுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க பேச்சுல கடுவும்போம்க்கா. வச்சா மீற மாட்டோம். ஆனா மாசமா இருக்கையில வீடு மாறக்கூடாதும்பாக. பிள்ளை பெத்து எந்திரிச்சுர்றேன், ஐப்பசியில போயிர்றோம்.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை” என்றேன்.

ஆடி மட்டும் எனக்குச் சாத்திரம், அவள் வயிறு மூடநம்பிக்கை. தம்பி கல்யாணம் தையில்தான். அதுவரை பின்கட்டு எதற்கும் தேவையில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு குழாயடிக் கோபத்துக்கு நாள் குறித்தேன், அவ்வளவுதான்.

ஆனி முடிய ஒருநாள் இருக்கும்போதே போய்விட்டார்கள். நான் மாலையில் வந்து பார்த்தால் தரை கழுவியிருந்தது, வாசலில் கோலம், நிலைப்படியில் சாவி. என் குடங்கள் இரண்டிலும் தண்ணீர் நிரப்பி மூடி வைத்திருந்தாள்.

“மாட்டுவண்டி குலுங்கும்னு அந்தப் புள்ள பின்னாடியே நடந்து போச்சு” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிட மனசு வரவில்லை. கௌரவம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

தையில் கல்யாணம் முடிந்ததும் தம்பி வேலை பார்க்கும் கோயம்புத்தூருக்கே பெண்டாட்டியைக் கூட்டிப் போய்விட்டான். பின்கட்டில் புளி மூட்டைகளைப் போட்டு வைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள்தான் முதலில் ஓடி வந்தாள், இடுப்பில் ஒரு பெண்குழந்தை.

“உங்க வீட்ல வயித்துல இருந்தவ இவதான்க்கா. அன்னிக்கு உங்ககிட்டச் சொல்லாமப் போயிட்டோம், மனசுல வச்சுக்கிடாதீங்க.”

குழந்தை கை கால் சுகமாக இருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. மன்னிப்பைக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் செம்பட்டி பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிக் கேட்டாள்.

“தம்பி சம்சாரத்துக்கு அந்த வீடு தோதா இருக்காக்கா?”

“ரொம்பத் தோதா இருக்கு” என்றேன்.