எண்பது அவள் மார்க் இல்லை

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நான் வேலை பார்த்த தமிழ் மீடியம் பள்ளியில் மார்க் ரிஜிஸ்டரை யாரும் தனியாக எழுதக் கூடாது. ஒருவர் வாசிக்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு வந்தால் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு, மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். ஆனால் ரிஜிஸ்டரில் சிவப்பைக் கண்டாலே தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அரையாண்டுத் தேர்வு மார்க்கை ஏற்றும்போது பேனாவை மெதுவாகத்தான் நகர்த்துவோம்.

போதாக்குறைக்குக் கன்னட வாத்தியார், எல்லாருக்கும் 'மேஷ்ட்ரு', மார்க்கைக் கன்னட எண்களில்தான் எழுதித் தருவார். "பெங்களூர் தண்ணி குடிக்கறீங்க, பத்து எண்ணு கத்துக்க ஆகாதா?" என்பார். கன்னட நாலு, நாம் எழுதும் 8-ஐ மேலே சரியாக மூடாமல் விட்ட மாதிரி இருக்கும். ஒன்று, சரியாக மூடாத பூஜ்யம் மாதிரி. அந்த வருஷம் எனக்கு வாசிக்க உட்கார்ந்தவர் வேலூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத டீச்சர். அன்று காலையில்தான் அந்த எண்களைப் பழகியிருந்தார். பாவம், எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே மட்டும் "எண்பது" என்றார்.

எழுதும்போதே எனக்கு அப்படியொரு சந்தோஷம். அந்தப் பெண் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். அப்பாவுக்குப் பெயின்டிங் வேலை. முதல் பரீட்சையில் கன்னடத்தில் பன்னிரண்டு மார்க். அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் சோறும் ஒரு கையில் கன்னடப் புத்தகமுமாக எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பாள். எண்பதைச் சேர்த்துக் கூட்டினால் வகுப்பில் மூன்றாவது ரேங்க்.

ப்ராகிரஸ் கார்டு கொடுத்த மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார்கள். அம்மாவின் முகமெல்லாம் பல். மகள் அழுது ஓய்ந்த முகத்தோடு கார்டை நீட்டினாள்.

"மிஸ், இது என் மார்க் இல்ல."

"நேத்துலேர்ந்து இதே பாட்டு மிஸ்," என்றார் அம்மா. "அவங்கப்பா தெரு பூரா காட்டிட்டு வந்துட்டாரு. மிஸ்ஸே எழுதிக் குடுத்திருக்காங்க, உனக்கென்னடின்னா கேக்க மாட்டேங்கறா."

விடைத்தாளைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்று. வேலூர் டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "விட்டுடுங்கக்கா, சந்தோஷமா இருக்காங்க. பெரிய பரீட்சையில பாத்துக்கலாம்," என்று என் காதில் முணுமுணுத்தார். பொய் சொல்வானேன், அந்த அம்மாவைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

"ரேங்க் போயிடுமே, பரவாயில்லையா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"பன்னெண்டுலேர்ந்து நாப்பத்தொண்ணுன்னு மேஷ்ட்ரு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னாரு மிஸ்." மறுபடி அழுதபடியே கார்டில் இருந்த எண்பதைத் தொட்டுக் காட்டினாள். "கார்டுல அது இல்லையே. நான் பாஸானது எங்கயுமே இல்லையே மிஸ்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் ரிஜிஸ்டர் எழுதியிருக்கிறேன், தன் மார்க்கைக் குறைக்கச் சொல்லி யாரும் என் முன்னால் அழுததில்லை. தலைமையாசிரியை எவ்வளவு வேண்டுமானாலும் முகத்தைத் தூக்கிக்கொள்ளட்டும் என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன். ரிஜிஸ்டரிலும் கார்டிலும் எண்பதின் மேல் கோடு போட்டு, நாற்பத்தொன்று என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அவள் மேஜையோடு ஒட்டி நின்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பாஸ்தானே மிஸ்?" என்றார் பயந்த குரலில்.

"பாஸ்தாம்மா. இது முழுக்க அவளே படிச்சு வாங்கினது."

கார்டை வாங்கி அந்தச் சிவப்பு எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ நேத்து ராத்திரியெல்லாம் யாரோட மார்க்குக்குடி நான் உன்னைக் கொஞ்சிட்டிருந்தேன்?"