என் மெய்க்காப்பாளர்

ஜட்காவின் திரை காற்றில் விலகியபோதுதான் எனக்கு அது உறைத்தது. வண்டிக்காரர் பக்கத்தில் அண்ணனின் முதுகு. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை ஆம்பூரில் நான் பார்த்ததெல்லாம் அந்த முதுகுதான்.

அன்று வகுப்பில் 'மெய்க்காப்பாளன்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். "அரசன் போகும் இடமெல்லாம் மெய்க்காப்பாளன் போவான்" என்று எழுதி சபாஷ் வாங்கியிருந்தேன். இங்கேயோ, காப்பாளன் போகிற இடத்துக்குத்தான் நான் போகிறேன்.

எட்டாவது முடிந்ததும் ஜட்காவும் நின்றது. தோல் காயப்போடும் மைதானத்துப் பக்கம் இருந்த ஒரே ஜன்னலையும், ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நைனா சாத்திவிட்டார். வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள். திங்கட்கிழமை நேரில் போய் நிற்க வேண்டும். "அண்ணன் கூட வந்தா போ, இல்லேன்னா வேணாம்" என்றார் நைனா.

தோல் பதனிடும் பட்டைச் சாயம் ஏறிய கையோடு சாப்பிட உட்கார்ந்த அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"மெய்க்காப்பாளன்னா இன்னா தெரியுமாண்ணா? ராஜா எந்தப் பக்கம் திரும்புறாரோ அந்தப் பக்கம் கூடப் போறவன். ராஜாவ உள்ள வெச்சுப் பூட்டுறவன் இல்ல."

வெட்கப்படுவான் என்று நினைத்தேன். அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"ராஜாவுக்குப் பக்கத்துலயே நிப்பானா? கத்தி வெச்சிருப்பானா?"

மறுநாளே பூண் போட்ட தடியோடு வந்துவிட்டான். தங்கச்சிக்கு இனி தான்தான் மெய்க்காப்பாளன் என்று தோல் கிடங்கு தோஸ்துகளிடமெல்லாம் சொல்லியும் விட்டான். அதுவரை தெருக்கிணற்றுக்காவது தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அங்கேயும் தடி வந்து நின்றது.

"வழி விடுங்கடி, ராணியம்மா தண்ணி சேந்த வந்துட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வேலூர்ப் பேச்சை எடுத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"காட்பாடியில எறங்கணும். அங்கேர்ந்து வேற வண்டி. எவன் மொகமும் தெரியாது. இங்கன்னா எனக்கு எல்லாரையும் தெரியும்."

பள்ளிகொண்டாவைத் தாண்டி அவன் போனதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்குப் போட்ட வேலிக்குள் அவனும்தான் இருக்கிறான். அது தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. திங்கட்கிழமைதான் கண்முன் நின்றது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. தோஸ்துகள் எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். நைனாவும் இருப்பார். பரிமாறும்போது அவர்கள் காதுபடக் கேட்கப்போகிறேன்: "நாளைக்கு நான் வேலூர் போறேன். மெய்க்காப்பாளர் வர்றாரா, இல்ல தடிய மட்டும் குடுத்தனுப்புறாரா?"